வீட்டுக்கு வெளியே நின்ற தொலைபேசி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பென்சில்வேனியா மாநிலத்தில், வளமிக்க விளைநிலங்களும் பால்பண்ணைகளும் நிறைந்த லேங்காஸ்டர் என்னும் மாவட்டம் உள்ளது. அவ்வழியே செல்வோர், பண்ணை வீடுகளிலிருந்து சற்றுத் தள்ளி, பாதையின் முனையிலோ மரத்தடியிலோ கொட்டகையின் பின்புறத்திலோ, ஒருவர் நிற்பதற்கு மட்டுமே இடமுள்ள சிறு மரக் குடில்களைக் காண்பர். காவலாளியின் கூண்டோ கருவிகள் வைக்கும் அறையோ என ஐயுறத் தோன்றும். உண்மையில் அதனுள் இருப்பது ஒரு தொலைபேசி. பேச விரும்புவோர் மழையானாலும் பனியானாலும் வீட்டை விட்டு வெளியே வந்து, அக்குடில்வரை நடந்து சென்று, நின்றபடியே பேசி முடித்துத் திரும்ப வேண்டும். வீட்டினுள் அக்கருவிக்கு இடமில்லை.

இது வறுமையின் விளைவன்று. அப்பண்ணைகளின் உரிமையாளர் பலர் செல்வர்கள். விரும்பினால் அறைக்கு ஒன்றாகத் தொலைபேசி வைத்துக்கொள்ளக் கூடியவர்கள். அறியாமையின் விளைவும் அன்று. தொலைபேசி தம் வாசலுக்கு வந்தபோது அதனை ஏற்று, பயன்படுத்தி, அதன் நன்மை தீமைகளைக் கண்ணாரக் கண்ட பின்னரே அதனை வெளியே நிறுத்தினர். ஆமிஷ் என அழைக்கப்படும் அம்மக்களின் இம்முடிவுக்கு இன்று நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. கைக்குள் அடங்கும் கருவியொன்று நம் உணவு மேசையிலும் படுக்கையிலும், சில வேளைகளில் துக்க வீட்டிலும்கூட நம்மோடு வந்தமரும் இந்நாளில், அவர்களுடைய வரலாற்றைச் சற்று நின்று நோக்குவது நமக்குப் பயன் தரும் எனக் கருதுகிறோம்.

வீடே ஆலயம்

ஆமிஷ் மக்களின் வேர், 16ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியச் சமயப் புரட்சியில் உள்ளது. 1525இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், குழந்தைகளுக்கு அளிக்கும் திருமுழுக்கை ஏற்காமல், அறிவறிந்த பருவத்தில் தாமே விரும்பிப் பெறும் திருமுழுக்கே உண்மையானது என ஒரு சிறு குழுவினர் கூறினர். படைக்கலம் ஏந்துவதையும் ஆணையிடுவதையும் இவ்வியக்கத்தார் மறுத்தனர். அக்கால அரசுகள் இதனைப் பொறுக்கவில்லை. புராட்டஸ்டண்டு நகரங்களும் கத்தோலிக்க அரசுகளும் இவ்வொன்றில் மட்டும் வேறுபாடின்றி அவர்களை வேட்டையாடின. நீரில் அமிழ்த்தியும் தீயிலிட்டும் கொன்றன. நம் முன்னோருக்கும் இப்பழியில் பங்குண்டு என்பதை நாம் மறைப்பதற்கில்லை.

ஒளிந்து வாழ்ந்த அம்மக்கள் காடுகளிலும் குகைகளிலும் வீடுகளிலும் கூடி வழிபட்டனர். 1693இல் யாக்கோபு அம்மான் என்பவரின் தலைமையில் ஒரு பிரிவினர் தனியே சென்றனர். அவர் பெயராலேயே ஆமிஷ் எனப்பட்டனர். 18ஆம் நூற்றாண்டில், சமய விடுதலை வாக்களித்த பென்சில்வேனியாவுக்கு அவர்கள் கப்பலேறினர். ஐரோப்பாவில் எஞ்சியோர் சிறிது சிறிதாகப் பிற சபைகளில் கரைந்தனர். அங்கிருந்த அவர்களுடைய கடைசிச் சபையும் 1937இல் மென்னோனைட்டுச் சபையோடு இணைந்து மறைந்தது. அமெரிக்காவுக்குச் சென்றோர் மட்டுமே ஆமிஷ் மக்களாக நிலைத்தனர்.

இவர்களுள் பழைய ஒழுங்கைப் பேணுவோருக்கு இன்றும் கோயில் கட்டடம் கிடையாது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், ஞாயிறன்று, ஒருவருடைய வீட்டிலோ கொட்டகையிலோ சபையார் அனைவரும் கூடுகின்றனர். ஏறத்தாழ மூன்று மணி நேர வழிபாட்டுக்குப் பின் அவ்வீட்டிலேயே உணவு. முறை வைத்து வீடு மாறுவதால், சபையிலுள்ள ஒவ்வொரு குடும்பமும் மற்றக் குடும்பங்களின் வாசற்படியை மிதித்தே ஆக வேண்டும். ஒரு சபையில் 25 முதல் 40 குடும்பங்கள் இருக்கும்; அதற்குமேல் பெருகினால் இரண்டாகப் பிரிந்துவிடும். குதிரை வண்டியே அவர்களுடைய ஊர்தியாதலால் எவரும் வெகுதொலைவில் குடியிருப்பதில்லை. ஒருவருடைய களஞ்சியம் தீப்பற்றி எரிந்தால், ஊரார் நூற்றுக்கணக்கில் கூடி ஓரிரு நாள்களில் புதியதை எழுப்பித் தருவர். வழிபாடில்லாத ஞாயிறுகளில் உறவினரையும் நோயுற்றோரையும் முதியோரையும் காணச் செல்வது அவர்களிடையே கடமை போன்ற வழக்கம்.

நேரில் காண்பது என்பது இம்மக்களின் வாழ்வில் ஓய்வுநேர இன்பமன்று. அதுவே அவர்களுடைய ஆலயம், காப்பீடு, நீதிமன்றம் அனைத்தும். இதனை மனத்தில் இருத்தினால்தான் தொலைபேசி அவர்களுக்கு ஏன் அத்தனை பெரிய கேள்வியாயிற்று என்பது விளங்கும்.

கம்பி வழியே வந்த குரல்

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய காப்புரிமைகள் 1893, 1894ஆம் ஆண்டுகளில் காலாவதியானதும், சிறு நிறுவனங்கள் அமெரிக்க நாட்டுப்புறமெங்கும் முளைத்தன. பல இடங்களில் விவசாயிகளே கூட்டாகச் சேர்ந்து கம்பம் நட்டுக் கம்பி இழுத்தனர். 1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அந்நாட்டுப் பண்ணைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 39இல் தொலைபேசி இருந்தது. மருத்துவரை அழைக்கவும், சந்தை விலையை அறியவும், தனித்த பண்ணையில் அடைந்து கிடந்த பெண்கள் பிறரோடு இரண்டு வார்த்தை பேசவும் அது உதவிற்று. அதனால் விளைந்த நன்மை சிறிதன்று.

அந்நாளைய நாட்டுப்புறத் தொலைபேசிக்கு ஒரு தனித்தன்மை இருந்தது. ஒரே கம்பியில் பல வீடுகள் இணைக்கப்பட்டிருந்தன. ஒரு வீட்டுக்கு வரும் அழைப்பை மற்ற வீட்டார் ஓசைப்படாமல் எடுத்துக் கேட்கலாம். கேட்டனர் என்பதற்குச் சான்றுகள் ஏராளம். யார் வீட்டில் சண்டை, யாருக்குக் கடன், எந்தப் பெண்ணுக்கு எந்த இளைஞனிடமிருந்து அழைப்பு என்பனவெல்லாம் கம்பி வழியே ஊர் முழுதும் பரவின.

ஆமிஷ் வீடுகள் சிலவற்றிலும் தொலைபேசி நுழைந்தது. தொடக்கத்தில் அதற்குத் தடை இருக்கவில்லை. பின்னர் நேர்ந்ததாக லேங்காஸ்டர் ஆமிஷ் முதியோர் வழிவழியாகக் கூறிவரும் செய்தி எளியது. இரண்டு பெண்கள் தொலைபேசியில் மூன்றாமவரைப் பற்றிப் புறங்கூறிக் கொண்டிருந்தனர். பேசப்பட்டவரோ அதே கம்பியில் அதனைக் கேட்டுக் கொண்டிருந்தார். செய்தி சபைக்கு வந்தது. ஏறத்தாழ 1910ஆம் ஆண்டளவில், வீட்டினுள் தொலைபேசி வைத்துக்கொள்ளலாகாது எனச் சபைத் தலைவர்கள் முடிவு செய்தனர்.

புறங்கூறலுக்குத் தொலைபேசி தேவையில்லை. கிணற்றடியும் திண்ணையும் போதும். இதனை அவர்களும் அறிவர். ஆயினும் திண்ணையில் புறங்கூறுவோர் ஒருவர் முகத்தை ஒருவர் காண்கின்றனர். பேசப்படுபவர் அவ்வழியே வந்துவிட்டால் நா தானாக அடங்குகிறது. கண்ணைக் கண்டதும் நாணம் பிறக்கிறது. கம்பியின் வழியே சென்ற குரலுக்கு அத்தகைய கடிவாளம் இல்லை. முகத்திலிருந்து பிரிந்த சொல் எளிதில் கொடியதாகும் என்பதைக் குதிரை வண்டியில் சென்ற அவ்வுழவர்கள் அன்றே உணர்ந்தனர்.

வேறு காரணங்களும் இருந்தன. வீட்டுக்குள் நினைத்தபோது பேச முடிந்தால், நேரில் காணச் செல்லும் வழக்கம் குன்றும் என அஞ்சினர். கருவியை உடைமையாகக் கொள்வது பெருமைக்கும், பிறர் துணை வேண்டாத தன்னிறைவு மனப்பான்மைக்கும் இடம் தரும் என எண்ணினர். வெளியுலகம் எந்நேரமும் மணியடித்து வீட்டுக்குள் நுழைவதையும், குடும்ப உணவும் இறைவேண்டலும் இடையில் அறுபடுவதையும் அவர்கள் விரும்பவில்லை.

தொலைபேசி தீயது என்று அவர்கள் கூறவில்லை என்பதை இங்குக் கருத்தில் கொள்ள வேண்டும். அவசரத் தேவைக்கு அண்டை வீட்டாரின் தொலைபேசியையோ பொதுத் தொலைபேசியையோ பயன்படுத்த எக்காலத்திலும் தடை இருந்ததில்லை. பயன்படுத்துவது வேறு, உடைமையாக்கி நடுவீட்டில் வைப்பது வேறு என்னும் பாகுபாட்டை அவர்கள் கண்டனர். வெளியார் பலர் இதனைப் போலித்தனம் என நகைத்தனர். நமக்கோ, கருவியைப் பற்றிய நுட்பமான சிந்தனை இப்பாகுபாட்டில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது.

முடிவின் விலை

இம்முடிவு எளிதில் வந்ததன்று. 1910ஐ ஒட்டி லேங்காஸ்டர் ஆமிஷ் சபையாருள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் பிரிந்து சென்றனர். பிரிவுக்கு வேறு காரணங்களும் உண்டெனினும், தொலைபேசியும் அவற்றுள் ஒன்று. ஒரே ஊரில், ஒரே குடும்பத்தில் வாழ்ந்தோர் இரு சபையினராயினர். நேர்முக உறவைக் காக்க எழுந்த முடிவே சில உறவுகளை முறித்தது என்னும் முரணை நாம் மறைத்தல் ஆகாது.

ஆமிஷ் வாழ்வைப் பொன்னுலகாகத் தீட்டிக் காட்டுவதும் நம் நோக்கமன்று. திருமுழுக்குப் பெற்றபின் சபையின் ஒழுங்கை மீறுவோரை ஒதுக்கி வைக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. அதனால் பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே மேசையில் உண்ண இயலாத நிலையும் நேர்கிறது. அவர்களுடைய பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு பள்ளியை விடுகின்றனர். அமெரிக்க உச்சநீதிமன்றம் 1972இல் இதற்கு அவர்களுக்கு உரிமை அளித்தது. கல்வியே விடுதலைக்கு வழி எனக் கண்ட நம் மண்ணின் மக்கள் இதனை ஏற்க இயலாது. ஆகவே நாம் அவர்களிடமிருந்து கற்க வேண்டியது அவர்களுடைய விடையை அன்று. அவர்கள் எழுப்பிய வினாவை.

அவ்வினாவை அவர்கள் ஒருமுறை எழுப்பி மறந்துவிடவில்லை. 1930களில் சில குடும்பத்தினர் சபைத் தலைவர்களிடம் வந்தனர். பிள்ளைப்பேற்றின்போது மருத்துவரை அழைக்க வேண்டியிருக்கிறது. தீப்பிடித்தால் தீயணைப்புப் படைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை முறைதான் அண்டை வீட்டாரைத் தொந்தரவு செய்வது என முறையிட்டனர். தலைவர்கள் ஆராய்ந்தனர். பல குடும்பங்கள் கூடிச் செலவைப் பகிர்ந்து, வீட்டுக்கு வெளியே ஒரு பொதுத் தொலைபேசி வைத்துக்கொள்ளலாம் என்னும் ஏற்பாடு மெல்ல உருவாயிற்று. நாம் தொடக்கத்தில் கண்ட குடில்கள் இவ்வாறு எழுந்தவை.

இக்குடிலின் நுட்பத்தை எண்ணிப் பார்ப்போம். மணி அடித்தாலும் வீட்டுக்குள் எளிதில் கேட்காது. ஆகவே கருவி மனிதனை அழைப்பதில்லை, மனிதனே கருவியைத் தேடிச் செல்கிறான். நடந்து செல்ல வேண்டியிருப்பதால், இது பேசத்தக்க செய்திதானா, நாளை நேரில் காணும்போது சொன்னால் ஆகாதா என எண்ண நேரம் கிடைக்கிறது. வசதியான இருக்கை இல்லாமையால் பேச்சு நீள்வதில்லை. பலருக்குப் பொதுவானதால், அடுத்தவர் காத்திருப்பார் என்னும் நினைவும் உடன் நிற்கிறது. ‘குறைவாகப் பேசுங்கள்’ என எவரும் அறிவுரை கூற வேண்டியதில்லை. அக்குடில் நிற்குமிடமே அவ்வறிவுரையைச் செய்துவிடுகிறது.

கம்பியும் கால்களும்

கருவியும் நேர்முகமும் தத்தம் இடத்தில் நின்று ஆற்றிய பணியை உலகம் ஒரு கொடிய நாளில் கண்டது. 2006 அக்டோபர் 2ஆம் நாள், லேங்காஸ்டர் மாவட்டத்தின் நிக்கல் மைன்ஸ் என்னுமிடத்தில் இருந்த ஓரறை ஆமிஷ் பள்ளிக்குள் துப்பாக்கியோடு ஒருவர் நுழைந்தார். அவர் அப்பகுதிப் பண்ணைகளிலிருந்து பால் ஏற்றிச் செல்லும் வண்டியின் ஓட்டுநர், ஆமிஷ் அல்லாதவர். சிறுவர்களை வெளியே அனுப்பிவிட்டுச் சிறுமியர் பத்துப் பேரைச் சுட்டார். ஐவர் இறந்தனர், ஐவர் படுகாயமுற்றனர். சுட்டவர் தம்மையும் மாய்த்துக் கொண்டார்.

கொடுமை தொடங்கிய வேளையில் தப்பிய இளம் ஆசிரியை அருகிலிருந்த பண்ணைக்கு ஓடினார். அங்கிருந்து சென்ற தொலைபேசி அழைப்பே காவலரைச் சில நிமிடங்களில் வரவழைத்தது. அவ்வேளையில் தொலைபேசி வேண்டாமென வாதிடுவார் எவரும் இரார்.

அன்று மாலைக்குள் மற்றொன்றும் நிகழ்ந்தது. ஆமிஷ் அண்டை வீட்டார் சிலர், சுட்டவருடைய மனைவியும் பெற்றோரும் இருந்த இடங்களுக்குச் சென்றனர். மன்னித்தோம் எனவும், உங்கள் மீது எமக்குப் பகையில்லை எனவும் நேரில் கூறி, அவர்களைத் தேற்றினர். சில நாள்களுக்குப் பின் அம்மனிதரின் அடக்கச் சடங்கு நடைபெற்றபோது, அங்கு வந்திருந்தோருள் பாதிக்கு மேற்பட்டோர் ஆமிஷ் மக்கள். பெண்மக்களை அடக்கம் செய்துவிட்டு வந்த பெற்றோரும் அவர்களுள் இருந்தனர். அதே அக்டோபர் 12ஆம் நாள் அப்பள்ளிக் கட்டடம் இடித்து நீக்கப்பட்டது. ஆறு திங்களுக்குள் வேறோர் இடத்தில் புதிய பள்ளி திறக்கப்பட்டது.

அந்த மன்னிப்பைத் தொலைபேசியில் கூறியிருக்கலாம், கடிதமாக எழுதியிருக்கலாம். ஆயினும் கணவனின் செயலால் நாணிக் குறுகி, ஊரார் முகத்தில் எவ்வாறு விழிப்பது எனக் கலங்கிய ஒரு பெண்ணுக்கு, அவ்வூராரின் முகமே முன்வந்து நின்றதைப் போன்ற ஆறுதல் வேறு எதனால் கிடைத்திருக்கும்? செய்தியைச் சொல்லக் கம்பி போதும். உடைந்த உறவைச் சேர்க்க ஒருவர் எழுந்து நடக்க வேண்டும்.

இவ்வாறு வாழும் மக்கள் நவீன உலகில் நிலைக்க மாட்டார்கள் எனக் கணித்தோர் பலர். 1900இல் ஐந்தாயிரம், ஆறாயிரம் என இருந்த அவர்களின் எண்ணிக்கை இன்று ஏறத்தாழ 4 லட்சம். பெரிய குடும்பங்கள் இதற்கு ஒரு காரணம். ஆயினும் வளர்ந்த பிள்ளைகளுள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் தாமே விரும்பித் திருமுழுக்குப் பெற்று அங்கேயே தங்குகின்றனர் என்பதும் உண்மை.

நம்மிடமும் குடில் இருந்தது

இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று. ஒரு தெருவுக்கு ஒரு தொலைபேசி இருந்த காலத்தை நம்முள் நடுவயதைக் கடந்தோர் நன்கு அறிவர். பெயர் பதிவு செய்துவிட்டு இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. விண்ணப்பத் தாள்களிலும் முகவரி அட்டைகளிலும் அண்டை வீட்டாரின் எண்ணை எழுதி, அருகே ‘பி.பி.’ எனக் குறிப்போம். வளைகுடா நாட்டிலிருந்து மகனின் அழைப்பு வந்தால், அவ்வீட்டுச் சிறுவன் ஓடிவந்து அழைப்பான். தாய் ஈரக் கையைத் துடைத்தபடி விரைவார். பேசி முடித்ததும் அவ்வீட்டாரோடு அமர்ந்து, மகன் சொன்னதைப் பகிர்ந்து, காப்பி அருந்தித் திரும்புவார். 1980களின் பிற்பகுதியிலிருந்து ஊர்தோறும் மஞ்சள் பலகையோடு எழுந்த எஸ்.டி.டி. கூண்டுகளும் ஒருவகைக் குடில்களே. மின்னும் சிவப்பு எண்கள் ஏறுவதைக் கண்டபடியே நாம் சுருங்கப் பேசப் பழகினோம்.

தொலைக்காட்சியும் அவ்வாறே. 1975 ஆகஸ்டு 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்ட பின் பல ஆண்டுகள், வெள்ளிக்கிழமை மாலை ‘ஒளியும் ஒலியும்’ காணத் தெருவே ஒரு வீட்டுக் கூடத்தில் கூடிற்று. வேலிச் சண்டையில் பேசாதிருந்தோரும் அங்கு அருகருகே அமர நேர்ந்தது.

ஆயினும் ஆமிஷ் மக்களுக்கும் நமக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அவர்களுடைய குடில் முடிவினால் எழுந்தது. நம்முடையது பற்றாக்குறையால் எழுந்தது. கருவி கிடைக்காமையால் நாம் அளவோடு இருந்தோம். கிடைக்காமையால் அண்டை வீட்டுக்குச் சென்றோம். அதனை நம் பண்பாடு எனப் போற்றினோம். 1995 சூலை 31இல் இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு கல்கத்தாவிலிருந்து தில்லிக்குச் சென்றது. 2016க்குப் பின் இணையம் தண்ணீர் விலைக்கு வந்தது. பற்றாக்குறை நீங்கியது, அதனோடு குடிலும் சரிந்தது. அதன் இடத்தில் எதனை நிறுத்துவது என நாம் எவரும் கூடிப் பேசவில்லை. பேச வேண்டும் என்ற எண்ணமும் எழவில்லை.

இதற்கிடையே கருவியின் இயல்பும் மாறிவிட்டது. தொலைபேசியில் மறுமுனையில் ஒருவர் எடுத்தால்தான் பேச்சு; அவர் உறங்கச் சென்றால் பேச்சும் முடியும். 2004இல் தோன்றிய முகநூலும் 2009இல் தோன்றிய வாட்ஸ்அப்பும், அவற்றின் பின் வந்த பிறவும் உறங்குவதில்லை. எதிரே எவரும் இல்லாதபோதும் அவற்றில் முடிவில்லாமல் உலவலாம். பழைய நாட்டுப்புறக் கம்பியில் பத்து வீட்டார் ஒட்டுக் கேட்டனர். இன்று ஊரே ஒரு கம்பியில் உள்ளது. முகம் காணாமல் எறியப்படும் சொல்லின் கொடுமை, லேங்காஸ்டர் முதியோர் அஞ்சியதைவிடப் பன்மடங்காயிற்று.

ஆமிஷ் மக்களும் இன்று இதே சிக்கலில் உள்ளனர் என்பதை நேர்மையோடு கூற வேண்டும். தொலைபேசிக்குக் கம்பி இருந்தது. கம்பியை வீட்டு வாசலில் நிறுத்த முடிந்தது. கைப்பேசிக்குக் கம்பி இல்லை. சட்டைப்பையில் அமர்ந்து எல்லையைக் கடந்துவிடுகிறது. தொழில் செய்வோர் சிலர் அதனை வைத்திருக்கின்றனர். திருமுழுக்குப் பெறாத இளையோர் சிலர் சமூக ஊடகங்களிலும் உலவுகின்றனர். ஒவ்வொரு சபையும் தனக்கேற்ற எல்லையைத் தேடிக் கொண்டிருக்கிறது. அவர்களுக்கு நம்மைவிட ஒன்று மட்டும் மிகுதி: கூடியமர்ந்து இதனைப் பேசும் பழக்கம்.

எங்கே வைப்பது?

சமூக ஊடகங்களைத் தூற்றுவதால் பயனில்லை. கடல் கடந்த பிள்ளைகளின் முகத்தை முதியோர் நாள்தோறும் காண்பது அவற்றால்தான். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எந்தத் தெருவில் யார் சிக்கியுள்ளனர், எங்கே உணவு தேவை என்னும் செய்திகளைத் தன்னார்வ இளைஞர்கள் அவற்றின் வழியே திரட்டிப் பரப்பினர். எண்ணற்ற உயிர்களுக்கு அது உதவிற்று. ஆயினும் அச்செய்தி மட்டும் எவரையும் கரையேற்றிவிடவில்லை. கடலோரக் குப்பங்களின் மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருக்களுக்குள் கொணர்ந்து, கைநீட்டித் தூக்கினர். நிக்கல் மைன்ஸில் கம்பியும் கால்களும் செய்ததை, சென்னையில் திரையும் படகும் செய்தன. சமநிலை என்பது நேரத்தைப் பாதிப் பாதியாகப் பங்கிடுவதன்று. கருவி செய்யக்கூடியதைக் கருவியிடமும், மனிதர் மட்டுமே செய்யக்கூடியதை மனிதரிடமும் விடுவதாகும்.

நம் தமிழ் வழக்கம் இதனைச் சில இடங்களில் முன்பே வகுத்து வைத்துள்ளது. ‘நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்கு அழைக்காமலே போ’ என்பர் பெரியோர். துக்க வீட்டில் சொல்வதற்கு எவரிடமும் சொல் இருப்பதில்லை. கைகளைப் பற்றிக்கொண்டு சிறிது நேரம் அமர்ந்துவிட்டு வருகிறோம், அவ்வளவே. அந்த மௌனத்தைத் திரையில் அனுப்ப வழியில்லை. ஆகவேதான் கைகூப்பிய படமொன்றை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ணும்போது, நமக்குள்ளேயே ஏதோ ஒன்று உறுத்துகிறது. திருமண அழைப்பிதழை வெற்றிலை பாக்குடன் தட்டில் வைத்து நேரில் அளிக்கும் வழக்கமும் அத்தகையதே. அழைப்பிதழ் ஒரு காரணம். பல திங்கள் காணாத உறவின் வாசலில் ஏறுவதே அதன் பயன். மனத்தாங்கலோடு பிரிந்திருந்த உடன்பிறப்புகள் அந்தத் தட்டின் முன்னே மீண்டும் பேசிய வீடுகள் நம்மிடையே எத்தனை!

இவ்வெல்லைகளை மீட்பது தனி ஒருவரின் மனவலிமையால் நிகழக்கூடியதன்று. ‘கைப்பேசியைக் குறைத்துக்கொள்’ எனப் பிள்ளையிடம் கூறும் பெற்றோர், அதனைக் கூறும்போதே தம் கையில் ஒன்றை வைத்திருக்கின்றனர். லேங்காஸ்டர் உழவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே அறிவுரைக்கு ஆளாக்கவில்லை. எங்கே வைப்பது என்பதை எல்லோரும் ஏற்கும்படி முடிவு செய்தனர். வீட்டின் பெரியோரும் இளையோரும் ஓரிரவு உணவுக்குப் பின் ஒன்றாக அமர்ந்து, இவ்வீட்டில் இக்கருவி எங்கே நிற்கும், எந்நேரம் அதற்கு நுழைவில்லை, எந்தச் செய்தியை நேரில் மட்டுமே சொல்வோம் எனப் பேசி முடிவெடுக்கலாம். அம்முடிவு பெற்றோரையும் கட்டுப்படுத்த வேண்டும். ஆமிஷ் மக்களின் அண்டைச் சபையாரான பழைய ஒழுங்கு மென்னோனைட்டுகள், 1907இல் தொலைபேசியைப் பொதுமக்களுக்கு விட்டுவிட்டு, தம் அருள்பணியாளர்களுக்கு மட்டும் அதனை மறுத்தனர். தலைமை ஏற்போரே முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்னும் அம்முறைமை, இல்லத் தலைவர்களுக்கும் ஊர்ப் பெரியோருக்கும் இன்றும் பொருந்தும்.

முடிவு சிறியதாக இருப்பினும் குற்றமில்லை. மரப்பலகைகள் சிலவற்றால் ஆனதுதான் லேங்காஸ்டரின் குடிலும். வாசலருகே ஒரு பலகை, அதன் மேல் உணவு வேளையில் வீட்டார் அனைவரும் கைப்பேசியை வைத்துவிட்டு வரும் ஒரு சிறு தட்டு என்பதேகூடப் போதிய தொடக்கமாகும். நம் முகம் காண விரும்பிக் காத்திருக்கும் ஒருவர் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. பெரும்பாலும் அவர் ஒரே ஊரிலோ, அடுத்த தெருவிலோ, சில வேளைகளில் அடுத்த அறையிலோ இருக்கிறார். இவ்வாரம் அவருக்குச் செய்தி அனுப்பாமல், அவரிடம் சென்று வருவோம்.